பேஜட் கண்ட பாராளுமன்றமும் பால்மரக் காட்டு மக்களும்

2022-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் மாலை நம் நாட்டின் பத்தாவது பிரதமர் பதவிப் பிரமாணம் செய்துகொண்டார். மறுநாள் காலை என் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து நின்று, “ஐயா, சனிக்கிழமை எல்லாரும் ஓட்டுப் போட்டார்கள். வியாழக்கிழமை பேரரசர் பிரதமரைத் தேர்ந்தெடுத்தார். அவர்தான் தேர்ந்தெடுப்பார் என்றால் நாம் எதற்கு ஓட்டுப் போட வேண்டும்?” என்று கேட்டாள். பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கேள்விதான். ஆனால் அதற்கு நான் தந்த விடை எனக்கே நிறைவாக இல்லை. பாடநூலில் இருந்த நான்கு வரிகளைச் சொல்லிவிட்டுக் கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டேன்.

அந்த வாரக் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் நண்பர்கள் நால்வர் தேநீர் அருந்தக் கூடினோம். எல்லாரும் ஆசிரியர்கள், இருவர் ஓய்வு பெற்றவர்கள். அவர்களிடம் இக்கேள்வியைப் போட்டேன். ஒருவர் தயக்கமின்றி, “பேஜட்டைப் படித்துக் காட்டுங்கள், முடிந்தது” என்றார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு விரிவுரையாளர் அறிமுகம் செய்துவைத்த நூல் அது. வால்ட்டர் பேஜட் எழுதிய ‘ஆங்கில அரசியலமைப்பு’. அரசியல் பாடம் கற்ற நம் தலைமுறை ஆசிரியர்களுக்கு ஏறக்குறைய வேத நூல். நெடுநாள் கழித்து அதை மீண்டும் முழுமையாகப் படித்தேன். படித்து முடித்தபோது நண்பர் சொன்னது பாதிதான் சரி என்று தோன்றிற்று. மற்றப் பாதியை நம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினால் அவர்களுடைய பாட்டன் பாட்டியரை நாமே இகழ்ந்தவர்களாவோம். இதைத்தான் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

பேஜட் 1826-இல் இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் பிறந்தவர். குடும்பத் தொழில் வங்கி. 1861 முதல் 1877-இல் இறக்கும் வரை ‘எக்கானமிஸ்ட்’ ஏட்டின் ஆசிரியராக இருந்தார். பாராளுமன்றத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவர் அதில் உட்கார்ந்ததேயில்லை. 1866-இல் பிரிட்ஜ்வாட்டர் என்னும் தொகுதியில் நின்று தோற்றார். இந்நூலின் கட்டுரைகள் 1865 முதல் 1867 வரை ‘ஃபோர்ட்நைட்லி ரிவ்யூ’ என்னும் சஞ்சிகையில் வந்தவை. 1867-இல் அவை நூலாயின. 1872-இல் இரண்டாம் பதிப்புக்குப் புதிய முன்னுரை ஒன்று எழுதினார். அந்த முன்னுரையைப் பலர் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நூலைச் சரியாக எடை போட அது மிகவும் வேண்டும், பின்னர் வருகிறேன்.

நடையைப் பற்றி ஒரு வார்த்தை. சட்ட நூல் என்றால் கொட்டாவி வரும் என்று நினைப்போர் பேஜட்டை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். கணக்குப் புத்தகத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, பழகிய வாடிக்கைக்காரரிடம் பேசும் வங்கிக்காரரின் நடை அது. ஏட்டில் இருப்பது ஒன்று, பெட்டியில் இருப்பது ஒன்று. எனக்குப் பெட்டியைக் காட்டு என்று கேட்கிறார். இந்தக் கண்தான் அவருடைய பெருமை. சிறுமையும் இதே கண்ணிலிருந்துதான் வந்தது.

அவர் பெட்டியைத் திறந்து கண்டது என்ன? அவருக்கு முன்பு எழுதிய அறிஞர்கள், இங்கிலாந்தின் ஆட்சி அரசர், பிரபுக்கள் சபை, காமன்ஸ் சபை என்று மூன்றாகப் பிரிந்து, ஒன்றை ஒன்று தடுத்து நிறுத்தி நடக்கிறது என்று எழுதி வந்தார்கள். பேஜட் அதை ஏற்கவில்லை. ஆட்சியமைப்பில் மக்களின் மதிப்பைப் பெறுவதற்காக உள்ள பகுதி ஒன்று. உண்மையில் வேலை செய்யும் பகுதி மற்றொன்று என்றார். முன்னதை அழகுப் பகுதி என்றும், பின்னதைத் தொழிற் பகுதி என்றும் நாம் வைத்துக்கொள்ளலாம். அரசியார் அழகுப் பகுதி. மந்திரி சபை தொழிற் பகுதி. சட்டம் செய்யும் சபையே தன் நம்பிக்கைக்குரிய சிலரைப் பொறுக்கி எடுத்து, ‘நாட்டை நடத்துங்கள், நம்பிக்கை போனால் இறங்கிவிடுங்கள்’ என்று அமர்த்துகிறது. சட்டம் செய்யும் கையும் ஆளும் கையும் ஒன்றாகப் பிணைந்திருப்பதே இவ்வமைப்பின் உயிர்நாடி என்பது அவர் கண்ட உண்மை.

ஆகவே காமன்ஸ் சபையின் முதல் வேலை சட்டம் இயற்றுவது என்று நாம் நினைத்தால் தவறு. அதன் முதல் வேலை தேர்ந்தெடுப்பது. 1866-இல் ரஸ்ஸல் பிரபுவின் மந்திரி சபை ஒரு திருத்தத்தின்மீது தோற்று விலகியது. பொதுத் தேர்தல் இல்லாமலே டெர்பி பிரபுவின் மந்திரி சபை வந்தது. பேஜட் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தபோதே கண்முன் நடந்தது இது. அடுத்த வேலைகளுள் ஒன்றாக அவர் சொல்வது கற்பிப்பது. சபை திறந்த வெளியில் விவாதிப்பதால் நாடு பாடம் கற்கிறது என்கிறார். ஆசிரியர்களாகிய நமக்கு இது இனிக்கும் கருத்து.

இங்கே தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ‘மந்திரி’, ‘அமைச்சர்’ என்னும் நம் சொற்கள் மாணவரை வழிதவறச் செய்கின்றன. திருக்குறளில் ‘அமைச்சு’ என்று ஓர் அதிகாரமே உண்டு. அங்கே வரும் அமைச்சன் அரசனுக்கு அறிவு சொல்பவன், ஆள்பவன் அரசன். இந்தப் படத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு வரும் பிள்ளை, பேரரசர் பிரதமரை நியமித்தார் என்று செய்தித்தாளில் படித்தால் என்ன நினைக்கும்? பழைய மன்னன் புதிய மந்திரியை வைத்துக்கொண்டான் என்றுதான் நினைக்கும். நம் நாட்டு அமைச்சரோ கூட்டுப் பொறுப்போடு பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அரசியல் சட்டத்தின் 43-ஆம் பிரிவு அவ்வாறு எழுதி வைத்திருக்கிறது. சொல் பழையது, பொருள் புதியது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

எழுதிய சட்டமும் எழுதாத வழக்கமும்

பேஜட்டின் இங்கிலாந்தில் இவையெல்லாம் வழக்கம். எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. நமக்கோ எழுத்தில் உண்டு. 1956-இல் ரீட் பிரபு தலைமையில் ஐவர் குழு வந்து, 1957 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. அக்குழுவில் இருந்த சர் ஐவர் ஜென்னிங்ஸ் மந்திரி சபை ஆட்சியைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வழக்கங்கள் வாசகங்களாக மாறி நம் சட்டத்தில் புகுந்தன. மக்களவையின் பெரும்பான்மை உறுப்பினருடைய நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று பேரரசர் தம் மதிப்பீட்டில் கருதும் உறுப்பினரைப் பிரதமராக நியமிக்க வேண்டும். நம்பிக்கை இழந்த பிரதமர் ஒன்று சபையைக் கலைக்கும்படி வேண்டலாம்; அதற்கு இணக்கம் கிடைக்காவிட்டால் மந்திரி சபையோடு விலக வேண்டும். இணங்குவதும் மறுப்பதும் பேரரசரின் விருப்புரிமை என்று 40-ஆம் பிரிவு கூறுகிறது.

எழுதிய சட்டம் இருந்தால் மட்டும் பாராளுமன்ற ஆட்சி வந்துவிடாது என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1895-இல் ஜொகூர் சுல்தான் அபு பாக்கார் தம் நாட்டுக்கு ஓர் அரசியல் சட்டம் வழங்கினார். அதில் மந்திரிகள் சபை இருந்தது. ஆலோசனைச் சபை இருந்தது. அரசரே ஆயினும் நாட்டை அந்நியருக்குத் தாரை வார்க்கலாகாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. அந்தக் காலத்துக்கு அது சிறிய செயலன்று. ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த சபை எதுவும் அதில் இல்லை. 1914-இல் ஆங்கிலேய ஆலோசகரின் கை ஓங்கியபோது அதைத் தடுத்து நிறுத்த அச்சட்டத்தில் ஆள் இல்லாமற் போயிற்று.

நம் நாட்டில் மக்களவை முதன்முதலாக 1959 செப்டம்பர் 11-ஆம் நாள் கோலாலம்பூரில் கூடிற்று. மொத்தம் 104 உறுப்பினர்; கூட்டணிக் கட்சிக்கு 74 பேர். அன்று தொடங்கி 2018 மே மாதம் வரை ஆளுங்கூட்டணி மாறவேயில்லை. ஆகையால் ‘சபை தேர்ந்தெடுக்கிறது’ என்ற பேஜட்டின் வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே மத்தியில் நமக்குக் கிட்டவில்லை. மாநிலங்களில் மட்டும் அவ்வப்போது கிட்டியது. 1966-இல் சரவாக் முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கானுக்கு நம்பிக்கை இல்லை என்று 21 உறுப்பினர் கடிதம் எழுத, ஆளுநர் அவரைப் பதவி நீக்கினார். கூச்சிங் உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. நம்பிக்கை போயிற்றா என்பதைச் சபையில் வாக்கெடுத்தே அறிய வேண்டும் என்பது தீர்ப்பு. 2009-இல் பேராக்கில் மூன்று உறுப்பினர்கள் அணி மாற, மந்திரி பெசார் நிசார் பதவி இழந்தார். வழக்கு மேலே போய் 2010 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம், சபை வாக்கெடுப்பு ஒன்றே வழி என்பதில்லை, வேறு வகையாலும் அறியலாம் என்று முடிவு செய்தது.

இரண்டு தீர்ப்புகளையும் சட்ட அறிஞர் நோக்கில் ஆராய எனக்குத் தகுதி இல்லை. வாசகன் நோக்கில் சொல்கிறேன்: முதல் தீர்ப்பைத்தான் பேஜட் விரும்பியிருப்பார். தேர்ந்தெடுக்கும் வேலையும் கற்பிக்கும் வேலையும் ஒரே கூடத்தில் நடக்க வேண்டும் என்பது அவர் நூலின் உட்கிடை. 2020 பிப்ரவரியில் பிரதமர் விலகியபோது பேரரசர் உறுப்பினர்களைத் தனித்தனியே அழைத்துக் கேட்டறிந்தார்; மார்ச் 1-ஆம் நாள் புதிய பிரதமர் பதவியேற்றார். சபை கூடியது மே 18-ஆம் நாள். அதுவும் ஒரே நாள், பேரரசரின் உரை மட்டும். தேர்ந்தெடுப்பு நடந்தது, பாடம் நடக்கவில்லை. சட்டத்தில் குற்றம் காண முடியாது. ஆயினும் நாட்டு மக்கள் இரண்டரை மாதம் வெளியே நின்று யார் எந்தப் பக்கம் என்று வதந்திகளை நம்பிக் காலந்தள்ளினார்கள்.

2022 நவம்பரில் 222 இடங்களில் எந்த அணிக்கும் 112 கிடைக்காதபோது மீண்டும் பேரரசரின் மதிப்பீடு தேவைப்பட்டது. இம்முறை டிசம்பர் 19-ஆம் நாள் சபை கூடிய முதல் நாளிலேயே நம்பிக்கைத் தீர்மானம் வந்து, குரல் வாக்கில் நிறைவேறியது. எண்ணிப் பார்த்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அந்த மாணவிக்கு நான் நவம்பரில் சொல்லத் தவறியதை டிசம்பரில் சொல்லியிருக்கலாம்: தேர்ந்தெடுப்பது சபை, சபை யாரை விரும்புகிறது என்று கூர்ந்து பார்த்து அறிவிப்பது பேரரசரின் கடமை, சபையைத் தேர்ந்தெடுப்பது ஓட்டு. இந்த விடையைத் தந்தவர் பேஜட்தான். அந்த அளவில் நண்பர் சொன்னது சரி.

சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

இனி மற்றப் பாதி. அழகுப் பகுதி எதற்காக வேண்டும் என்று கேட்டால், பாமர மக்களுக்காக என்கிறார் பேஜட். உழைக்கும் கூட்டத்துக்கு மந்திரி சபை, நம்பிக்கை, பெரும்பான்மை என்றெல்லாம் சொன்னால் புரியாது. ஓர் அரசியும் ஒரு திருமணமும் ஓர் ஊர்வலமும் இருந்தால் புரியும். அந்தப் பகட்டைக் கண்டு பணிந்து நிற்பார்கள். அந்தப் பணிவின் நிழலில் அறிவுடைய சிலர் அமைதியாக நாட்டை நடத்தலாம் என்பது அவர் வாதம். இது நூலின் ஓரத்தில் வரும் கருத்தென்று யாரும் தள்ளிவிட வேண்டாம். நூலின் இரண்டு தூண்களில் ஒன்று இது. 1867-க்கு முன்பு இங்கிலாந்தில் வயது வந்த ஆண்களிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் ஓட்டு. பெண்களுக்கு அறவே இல்லை. அந்த நிலையைப் பேஜட் பெருங்குறையாகக் கருதவில்லை.

இப்பகுதியைப் படித்தபோது எனக்குத் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. தோட்டத்திலும் ஓர் அழகுப் பகுதி இருந்தது: மேட்டின்மேல் பங்களா, வெள்ளைத் தொப்பி, துரை. தொழிற் பகுதி கோலாலம்பூர் ஏஜென்சியிலும் லண்டன் கம்பெனியிலும் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்ற தொழிலாளி துரையைக் கண்டு ஒடுங்கினான். பேஜட் அங்கே வந்திருந்தால், பார்த்தீர்களா பணிவை, என்று தம் நூலுக்கு இன்னொரு சான்று சேர்த்திருப்பார்.

ஆனால் 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்தது என்ன? ஆர். எச். நாதன் என்பவர் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றியவர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியாகத் தோட்டத் தொழிலாளரைத் திரட்டினார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்டார்கள். அவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. என் பாட்டனார் இதை எனக்குச் சொல்லியிருக்கிறார். கூலி உயர்ந்ததைவிட அதைத்தான் அடிக்கடி சொல்வார். “இறங்கும்போது கால் வலிக்காதுடா, ஏறும்போதுதான் வலிக்கும்” என்பார். மே மாதம் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டு, பட்டாளம் வந்தது. தொழிலாளர் உயிர்கள் பலியாயின.

பணிவு என்று வெளியே தெரிந்தது பணிவே அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்? வேறு வழி இல்லாதவன் தலை குனிந்து நிற்பதைக் கண்டு, இவனுக்குத் தலை குனிவது பிடிக்கும் என்று எழுதிவிட்டார் பேஜட். ஏட்டை நம்பாமல் பெட்டியைத் திறந்து பார்க்கும் வங்கிக்காரர், ஏழை விஷயத்தில் மட்டும் வெளித் தோற்றத்தையே கணக்கில் எழுதிக்கொண்டார்.

உழைப்பவனுக்கு மந்திரி சபையின் தத்துவம் புரியாது என்பதும் நான் கண்ட அளவில் பொய். தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டிக் கூட்டத்தை ஒருமுறை பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். திருவிழாக் கணக்கு சரியாக வரவில்லையென்றால் தலைவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் பாயும். முன்மொழிபவர், வழிமொழிபவர், கை தூக்குதல், எண்ணுதல் எல்லாம் ஒழுங்காக நடக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் ஒருவர், “கூட்டியவங்கதான் கலைக்கலாம், செயலாளர் கலைக்க முடியாது” என்று வாதாடியதை நான் காதாரக் கேட்டிருக்கிறேன். சபையைக் கலைக்கும் உரிமை யாருக்கு என்ற பிரச்சனையை அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. 1954-இல் பல தோட்டத் தொழிற்சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது, கிளைக் கூட்டமும் செயலாளர் அறிக்கையும் லயத்து வாழ்க்கையின் பகுதியாகிவிட்டன. நகரத்திலும் அப்படியே. பங்சார் தொகுதி 1959-இல் தொழிற்சங்கவாதியான வி. டேவிட்டை எதிர்க்கட்சி உறுப்பினராக அனுப்பியது. 1964-இல் இன்னொரு தொழிற்சங்கவாதியான தேவன் நாயரை அனுப்பியது. தீபகற்பத்தில் மக்கள் செயல் கட்சி அந்தத் தேர்தலில் வென்ற ஒரே பாராளுமன்ற இடம் அது. பகட்டைக் கண்டு பணிந்து போட்ட ஓட்டுகளா இவை?

இப்போது 1872 முன்னுரைக்கு வருகிறேன். 1867-இல் சீர்திருத்தச் சட்டம் வந்து வாக்காளர் தொகை ஏறத்தாழ இரட்டிப்பானது. நகரத் தொழிலாளர் பலர் ஓட்டுப் பெற்றார்கள். ஐந்து ஆண்டு கழித்து எழுதிய முன்னுரையில் பேஜட் அஞ்சுகிறார். புதிய வாக்காளர் தம் வர்க்கமாக ஒன்று சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதே அவர் கவலை. அறிவுடையோர் ஆட்சி என்று அவர் புகழ்ந்ததெல்லாம், வெளியே நிறுத்தப்பட்டவர்கள் வெளியிலேயே இருக்கும் வரைதான் என்பதை அந்த முன்னுரை தானே ஒப்புக்கொள்கிறது. நூலின் மிக நேர்மையான பக்கங்கள் என்று நான் அவற்றைச் சொல்வேன். மிகச் சிறுத்த பக்கங்களும் அவைதாம்.

இலங்கையில் நடந்தது

பேஜட் பழம்பண்டம், அவருடன் இன்று எதற்கு வழக்காட வேண்டும் என்று கேட்பார் உண்டு. அவருடைய தவறு ஏட்டோடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன். சபை அனைத்தும் வல்லதாக இருப்பதே நல்லது, தடைகளும் சமன்பாடுகளும் பெரும்பாலும் கற்பனை என்று அவர் ஓர் அத்தியாயமே எழுதினார். சபை தவறு செய்தால் மக்கள் அடுத்த தேர்தலில் திருத்திக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அதன் அடியில் கிடக்கிறது. ஆனால் அந்தச் சபை, தனக்கு ஓட்டுப் போட்டவர்களிலேயே ஒரு பகுதியாரின் ஓட்டை எடுத்துவிட்டால்?

ஐவர் ஜென்னிங்ஸ் நம் நாட்டுக்கு வருவதற்கு முன்பு இலங்கையின் அரசியல் சட்ட வரைவுக்குத் துணை நின்றவர். அங்கும் மந்திரி சபை, நம்பிக்கை, பெரும்பான்மை எல்லாம் இங்கிலாந்தின் அச்சு. ஓர் இனத்தாருக்கு மட்டும் தீங்கு செய்யும் சட்டம் செல்லாது என்று 29-ஆம் பிரிவில் ஒரு காவலும் வைத்தார்கள். 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தமிழர் ஓட்டுப் போட்டுத் தம் உறுப்பினர்களைச் சபைக்கு அனுப்பினார்கள். நுவரெலியாவில் தொண்டமான் வென்றார். 1948 பிப்ரவரி 4-இல் சுதந்திரம். அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம். தந்தையும் அந்நாட்டிலேயே பிறந்தவர் என்பதுபோன்ற சான்றுகளைக் கேட்டது அச்சட்டம். பிறப்புப் பத்திரத்தையே கண்டறியாத கொழுந்து பறிப்பவள் எங்கே போவாள்? 1949-இல் தேர்தல் சட்டத்தையும் திருத்திக் குடிமக்கள் அல்லாதார் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். இலட்சக்கணக்கானவர்கள் ஓட்டிழந்தார்கள். 1952 தேர்தலில் அவர்கள் அனுப்பிய உறுப்பினர் ஒருவரும் இல்லை. செல்வநாயகம் இதை எதிர்த்துத் தம் கட்சியை விட்டு விலகி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. குடியுரிமை யாருக்கு என்று தீர்மானிப்பது சபையின் உரிமை. 29-ஆம் பிரிவு மீறப்படவில்லை என்று 1953-இல் தீர்ப்பு வந்தது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதில் பேஜட்டின் இயந்திரம் எங்கும் பழுதாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சபை கூடியது, விவாதித்தது, வாக்கெடுத்தது. பெரும்பான்மை இருந்தது, மந்திரி சபைக்கு நம்பிக்கை இருந்தது. அடுத்த தேர்தலில் திருத்திக்கொள்ளலாம் என்ற மருந்துதான் இல்லை. நோயாளியிடமிருந்து முதலில் பறித்ததே அந்த மருந்தை.

நம் நாட்டுச் சட்டம் இன்னும் கொஞ்சம் எச்சரிக்கையோடு எழுதப்பட்டது. குடியுரிமையை எந்தெந்தக் காரணங்களுக்காகப் பறிக்கலாம் என்று பிரிவுகள் வரையறுத்திருக்கின்றன. திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1971 திருத்தத்துக்குப் பிறகு ஆட்சியாளர் மன்றத்தின் இசைவும் வேண்டும். பேஜட் கேலி செய்த தடைகள் இவை. எனக்கு அவை கேலியாகப் படவில்லை.

ஆயினும் தடைகள் எல்லாவற்றையும் தாண்டி விடுவதில்லை என்பதும் இல்லை. 1957 ஆகஸ்ட் 31 முதல் இம்மண்ணில் பிறந்தவர் எல்லாரும் குடிமக்கள் என்று இருந்தது. 1962-இல் அதைத் திருத்தி, பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றார்கள். தோட்டங்களில் பலருக்கு அந்த ‘நிரந்தரவாசி’ என்ற ஒரு சொல்தான் பிடிமானமாக இருந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாததால் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டவர்களின் பிள்ளைகள் அச்சொல்லைப் பற்றிக்கொண்டு நீல அட்டைக்கு ஏறினார்கள். 2024 அக்டோபரில் மக்களவை ஒரு திருத்த மசோதாவை மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட ஆதரவோடு நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மாருக்கு அது நீதி செய்தது. அவர்கள் பல ஆண்டு போராடிப் பெற்ற வெற்றி, மனமார வரவேற்கிறேன். அதே மசோதாவில் ‘நிரந்தரவாசி’ என்ற சொல் நீக்கப்பட்டது. அதை எதிர்த்து வெளியே பேசியவர்கள் உண்டு. உள்ளே அதற்குக் கிடைத்த நேரம் குறைவு என்பதே என் எண்ணம். கற்பிக்கும் வேலையைச் சபை மறக்கக் கூடாது என்று பேஜட் சொன்னாரே, அந்த அளவுகோலை வைத்து அளந்து பார்த்தாலும் குறைவுதான்.

ஆகவே நண்பருக்கு என் விடை இது. பேஜட்டின் மந்திரி சபை அத்தியாயத்தையும் காமன்ஸ் சபை அத்தியாயத்தையும் தாராளமாகப் படித்துக் காட்டலாம். அரசியாரைப் பற்றிய அத்தியாயங்களைப் படிக்கும்போது பக்கத்தில் 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தை வைத்துக்கொள்ள வேண்டும். தடைகளைப் பற்றிய அத்தியாயத்தைப் படிக்கும்போது இலங்கையை வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த மாணவியின் கேள்வியில் நான் அப்போது திருத்தத் தவறிய ஒரு பிழை இருந்தது. “எல்லாரும் ஓட்டுப் போட்டார்கள்” என்றாள். அவள் பாட்டி போடவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் மெர்டேக்காவுக்கு முன்பே பிறந்து, நாற்பது ஆண்டு பால் வெட்டியவர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வரும்போது வாசலில் நின்று என்னோடு பேசுவார். அவர் கையில் இருப்பது இன்றும் சிவப்பு அட்டை.